வழிமொழிந்து எதிர்த்தவர்

பிரதேச சபைக் கூட்டத்தில் பக்கத்து வட்டார உறுப்பினரான அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினால், எதையோ எதிர்க்கப் போகிறார் என்று அர்த்தம். பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்தபடி அதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மெலிந்த உருவம், இறுகக் கட்டிய கொண்டை, ஒலிவாங்கி வேண்டாத குரல்.

அன்று வீடுகளுக்கிடையே போகும் எங்கள் ஒழுங்கைக்கு வெள்ளவாய்க்கால் வெட்டும் பிரேரணை வந்தது. மாரியென்றால் எங்கள் வீட்டு முன் விறாந்தை வரை தண்ணீர் ஏறும். எங்கள் வட்டார உறுப்பினர் முன்மொழிந்தார். அவர் சுயேச்சை, முந்திக்கொண்டு அவரை ஆதரிக்க எந்தக் கட்சிக்காரருக்கும் மனமில்லை.

“வழிமொழிய ஆளில்லையெண்டால் விவாதமில்லாமலே இதை விடுவம்” என்றார் தவிசாளர்.

அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்தார்.

“நான் வழிமொழியிறன்.”

விவாதம் தொடங்கியதும் அவரே எழும்பி, தன் வட்டாரத்து வீதிதான் முதலில் என்று விளாசினார். வாக்கெடுப்பிலும் எதிர்த்தே கை உயர்த்தினார். ஆனால் விவாதத்தில் எங்கள் உறுப்பினர் வெள்ளத்தைப் பற்றிக் கதைக்கக் கதைக்க மற்றவர்கள் இளகியிருந்தார்கள். பிரேரணை நிறைவேறியது.

வாசலில் கேட்டேன்: “எதிர்க்கிறதெண்டால் ஏனம்மா வழிமொழிஞ்சனீங்கள்?”

“வழிமொழியாட்டி உங்கடை வெள்ளத்தைப் பற்றி ஒருத்தரும் வாயே திறந்திருக்கமாட்டினம். தோக்கிறதெண்டாலும் கதைச்செல்லே தோக்கவேணும், தம்பி.”

“இப்ப நீங்களெல்லே தோத்தது?”

“ஓம்” என்று சிரித்தபடி குடையை விரித்தார்.

இந்த மாரிக்கு விறாந்தை காய்ந்து கிடக்கிறது. மழை இரையும்போதெல்லாம், எங்களுக்கு எதிராகக் கை உயர்த்திய அந்த அம்மாவைத்தான் நினைக்கிறேன்.