அரை பாட்டில் நீலமும் ஒரு கல்யாணப் புடவையும்

எங்கள் கம்பெனியில் கதவடைப்பு நடந்த வருஷம், கிறிஸ்மஸுக்காக என் வீட்டில் ஒரு ஜவுளிக்கடை திறந்தேன். முதலாளியும் நான்தான், எடுத்துப் போடும் பையனும் நான்தான். சரக்கு மொத்தமும் பீரோவுக்குள் இருந்தது. வாடிக்கையாளர்கள் இரண்டு பேர்: என் மனைவி, எட்டு வயது மகள்.

எண்பதுகளின் கடைசி அது. திருமுல்லைவாயிலில் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் குடியிருந்தோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் லேத் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனி ஆடி மாசம் கேட்டைப் பூட்டியது. டிசம்பர் பிறந்தும் திறக்கவில்லை. இந்த வருஷம் புதுத்துணி கிடையாது என்று வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் அதை யார் வாயைத் திறந்து சொல்வது? எனக்குக் கஷ்டமான விஷயங்களை நேராகச் சொல்ல வராது, கோமாளித்தனம் பண்ணித்தான் சொல்ல வரும். கோயிலில் கல்யாணத்தன்று சாமியார் “சம்மதமா?” என்று கேட்டபோது, “அவங்க இன்னா சொல்றாங்கன்னு மொதல்ல கேளுங்க சாமி” என்று சொல்லி, பூசை முடிந்ததும் அவரிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

ஒரு ஞாயிறு காலை, பாயை விரித்தேன். மனைவியின் தையல் மெஷினில் கிடந்த இஞ்சி டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பீரோவின் இரண்டு கதவையும் அகலத் திறந்து கூவினேன்.

“வாங்கம்மா, வாங்க! புடவையா, கவுனா, பேண்ட்டு பிட்டா? உள்ள வந்து பாருங்கம்மா, பாக்குறதுக்குக் காசில்ல!”

“இன்னாயா, காலீலயே ஆரமிச்சிட்டியா?” என்றாள் மனைவி. ஆனால் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தாள். பச்சைப் புடவை ஒன்றை விரித்துப் போட்டேன். முந்தானையை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“கலர் போவுமா?”

“போவ வேண்டியதெல்லாம் போயிடுச்சும்மா. இனிமே கேரண்டி.”

“வேற, புதுசா காட்டு.”

“இது புதுசா இருந்தப்பவே உங்களுக்குத்தாம்மா குடுத்தோம்.”

மகள் சிரித்துப் புரண்டாள். “நைனா, எனக்குப் பாக்கெட்டு வெச்ச கவுன் கீதா?” என்றாள். விஷயம் அப்படித்தான் வீட்டில் சொல்லி முடிந்தது.

பழையதைப் போடுவது பெரிய காரியமில்லை. பழையது என்று தெரியாமல் போடுவதுதான் காரியம். ஏனென்றால் முன்போர்ஷனில் ஒரு அக்கா இருந்தார். தெருவில் யார் எந்தத் துணியை எந்தப் பண்டிகைக்கு முதலில் கட்டினார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. “இது போன ஈஸ்டருக்கு எடுத்ததுல்ல?” என்று அன்பாகத்தான் கேட்பார். கேட்கப்பட்டவர் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார். அதனால் என் மனைவி ஒரு சட்டம் போட்டாள். வெளியே தெரிகிற பக்கம் நன்றாக இருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ள விஷயம்.

சட்டம் முதலில் என் மேல்தான் பாய்ந்தது. என் கல்யாணக் கோட்டு சூட்டு பீரோவின் மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய கோடு போட்ட காப்பிப் பொடிக் கலர். அந்தக் காலத்து பெல்பாட்டம். பேண்ட்டின் கால் இரண்டும் தெருவைக் கூட்டும். இடுப்போ, கல்யாணத்துக்குப் பிறகு நான் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு ஒத்துழைக்க மறுத்தது. கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி.

“கீழ மிச்சம் கீது, மேல பத்தல,” என்றாள் மனைவி. காலில் கிடந்த அகலத்தை வெட்டி எடுத்து, பின்னிடுப்பைப் பிரித்து, அங்கே ஆப்பு மாதிரி வைத்துத் தைத்துவிட்டாள். உடம்புக்குச் சரியாகப் பொருந்தியது. ஒரே ஒரு குறை. பேண்ட்டில் கோடுகள் நின்றுகொண்டிருந்தன, ஆப்பில் மட்டும் படுத்திருந்தன.

“சட்டைய உள்ள உடாத. கைய மேல தூக்காத. குனியாத,” என்றாள்.

“மூச்சு?”

“கோயிலுக்கு வெளிய வந்து உட்டுக்கோ.”

சட்டைக்குக் கஷ்டமே இல்லை. கம்பெனி வருஷா வருஷம் கொடுக்கும் யூனிஃபார்ம் துணி, வெளிர்நீலம், தைக்காமல் கிடந்தது. புதுத்துணிதான். போட்டால் டூட்டிக்குப் போவது போல இருக்கும், அவ்வளவுதான். தனக்கு அந்தப் பச்சைப் புடவையையே எடுத்துக்கொண்டாள். வேறொரு புடவையின் அரக்குக் கரையைப் பிரித்து அதில் வைத்துத் தைத்தாள். ஒரு மாலை வேலைதான். எனக்கே அது யார் புடவை என்று சந்தேகம் வந்துவிட்டது.

மிச்சம் மகள். அங்கேதான் சிக்கினோம்.

கிறிஸ்மஸ் காலைப் பூசை முடிந்ததும் பிள்ளைகள் குடில் நாடகம் போடுவார்கள். அந்த வருஷம் என் மகளுக்குச் சம்மனசு வேஷம், வானத்திலிருந்து வரும் தேவதூதர். வசனம் கிடையாது. கோயில் வாசலிலிருந்து நடுவழியே தனியாக நடந்து போய்க் குடிலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நாடகம் சொல்லிக் கொடுத்த சிஸ்டர், “தூய வெள்ளையில் நீள அங்கி” என்று எழுதிக் கொடுத்திருந்தார். மகள் அந்தச் சீட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். காலையில் எழுந்ததும் வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினாள், அடுப்படியிலிருந்து வாசல் வரை.

பீரோவில் வெள்ளை என்று சொல்ல இரண்டே இரண்டு இருந்தன. ஒன்று என்னுடைய எட்டு முழப் பச்சைக்கரை வேட்டி. அதை வெள்ளை என்று சொல்வது வேட்டிக்குச் செய்யும் மரியாதை, வாஸ்தவத்தில் டீக்கலர். இன்னொன்று, மேல்தட்டில் பழைய துணியில் சுற்றி, பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த அவளுடைய கல்யாணப் புடவை. வெள்ளைப் பட்டு, மெல்லிய சரிகைக் கரை.

என் ஜவுளிக்கடையில் அந்தப் பொட்டலத்தை மட்டும் நான் பிரித்துக் காட்டவில்லை. அதற்கு அவள் ஒரு வேலை குறித்து வைத்திருந்தாள். அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு அது வழக்கம். கல்யாணத்துக்குக் கட்டிய வெள்ளைப் புடவையைப் பத்திரமாக வைத்திருந்து, கடைசியில் அதிலேயே பெட்டிக்குள் வைத்துக் கல்லறைக்கு அனுப்புவார்கள். அவளுடைய அம்மா அப்படித்தான் போனார். எங்களுக்குக் கல்யாணமாகி நாலாம் நாள், அந்தப் புடவையை மடித்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னாள், ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்று சொல்வது போல. “அன்னிக்குத் தேடினு நிக்காத, மேல்தட்டுல கீது.” அதற்கு நான் என்ன ஜோக் அடித்தேன் என்று ஞாபகம் இல்லை. ஏதோ அடித்திருப்பேன்.

கிறிஸ்மஸுக்கு நாலு நாள் இருக்கும்போது, தைத்து முடித்துவிட்டு அவள் மேல்தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். என்னைப் பார்த்ததும் பீரோவைச் சாத்தினாள். அந்தப் புடவையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு வெறி வந்தது. மறுநாள் அவள் கோயிலில் குடிலுக்கு வைக்கோல் பரப்பப் போயிருந்த நேரம், வேட்டியை எடுத்து வாளியில் போட்டேன்.

பழுப்புத் துணிக்குச் சொட்டு நீலம் போட்டால் வெள்ளையாகும் என்பது ஊருக்கே தெரியும். ஒரு வாளித் தண்ணீருக்கு நாலு சொட்டு. நாலு சொட்டுக்குச் சாதா வெள்ளை என்றால், அரை பாட்டிலுக்குச் சம்மனசு வெள்ளை வர வேண்டுமா இல்லையா? அப்படிக் கணக்குப் போட்டுத்தான் கவிழ்த்தேன். போதாததற்கு நன்றாக ஊறட்டும் என்று ஒரு பீடி பற்ற வைத்துக்கொண்டேன்.

கொடியில் போட்டதும் முதலில் பார்த்தது முன்போர்ஷன் அக்கா.

“இன்னா அண்ணாத்தே, கம்பெனி தொறந்துட்டானா? யூனிபாரம் காயுது?”

உண்மையிலேயே அதே நீலம். கம்பெனியில் கேட்டு வாங்கினால்கூட அவ்வளவு சரியாகக் கிடைக்காது. என் கை மணிக்கட்டு வரைக்கும் அதே கலர். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் கொடியையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சம்மனசு எங்கனாச்சும் நீலமா இருக்குமா நைனா?”

“வானத்துலேர்ந்து வருதுல்ல கண்ணு. வர்ற வழில ஒட்டிக்கினு வந்துடும்.”

என் ஜோக் அவளிடம் பலிக்காமல் போனது அன்றுதான். சத்தம் போட்டு அழுதிருந்தால்கூடத் தேவலை. சிஸ்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து நாலாக மடித்து, பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மனைவி வந்தாள். கொடியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். முக்காலியைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள்.

“அது வேணாம்மே,” என்றேன்.

“ஏன்?”

“அது உனக்கு… அதுக்குன்னு வெச்சதாச்சே.”

“எதுக்குன்னு? சொல்லேன். ஊரையே சிரிக்க வெக்கிற, இத்தச் சொல்ல வர்லியா?”

நீலக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் பாயில் புடவையை விரித்தாள். பத்து வருஷத்துப் பாச்சை உருண்டை வாசனை வீடு முழுக்க எழுந்தது. “அன்னிக்கு நான் கண்ணத் தொறந்து பாக்கப்போறனா? இத்த பாக்கலாம்ல,” என்றாள்.

“உங்க அம்மா…”

“எங்கம்மாவோட பொண்ணு சம்மனசு வேசம் கட்டல.”

மகளை நிற்க வைத்துத் தோளிலிருந்து கணுக்கால் வரை அளந்தாள். புடவையைச் சரிபாதியாக மடித்தாள். “முந்தானப் பக்கம் எனக்கு. மிச்சம் இவளுக்கு.”

“பாதி போதுமாமே உனக்கு?”

“மேல போத்துனா போதும். உள்ள இன்னா கீதுன்னு எவன் பாக்கப்போறான்? உன் பேண்ட்டு மாரிதான்.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அந்தக் கோடிய இழுத்துப் புடி. நீலத்த ஒட்டிவெச்சிடாத,” என்றாள். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பிடித்தேன். இரும்பையே கடைகிற கைதான், ஆனால் கத்தரிக்கோல் உள்ளே போனபோது அவள் இரண்டு தடவை “லூஸ் உடாதய்யா” என்று சொல்ல வேண்டியிருந்தது. அவள் நேராக வெட்டிக்கொண்டே போனாள்.

கிறிஸ்மஸ் காலையில் கோயிலுக்குள் நுழைந்தபோது எனக்கு முதலில் தெரிந்தது நீலம். ஆண்கள் பக்கம் மூணு பெஞ்சு முழுக்க வெளிர்நீலச் சட்டைகள். எங்கள் கம்பெனி ஆட்கள் எல்லாருக்கும் அதே யோசனைதான் வந்திருக்கிறது. ஜெனரல் ஷிஃப்ட் மொத்தமாக வந்து முழங்காலில் நிற்பது போல இருந்தது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில், நான் மறந்துபோய்க் குனிந்தபோது, பின்பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை தன் அப்பாவிடம் சத்தமாகவே கேட்டது: “நைனா, அந்த மாமா பேண்ட்டுல மட்டும் ஏன் கோடு படுத்துனு கீது?” நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நேராக நின்றேன்.

குடிலுக்குப் பின்னால் வானம் கட்டியிருந்தார்கள். நல்ல நீலம். கீழே, வானம் வைக்கோலைத் தொடுகிற இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குப் பச்சைக் கரை. என் வேட்டியை மனைவி சிஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவே இல்லை.

பூசை முடிந்து, மகள் வாசலில் வந்து நின்றாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தனியாக நடந்தாள். அடுப்படியிலிருந்து வாசல் வரை பழகிய அதே நடை, கொஞ்சம் வேகமாக. சரிகைக் கரை கணுக்காலில் மின்னி மின்னி மறைந்தது. நாடகம் பார்க்க மனைவியோடு ஓரமாக நின்றிருந்தேன். அவளுக்கு அந்தப் பக்கம் முன்போர்ஷன் அக்கா.

“இந்தப் பட்ட எங்கியோ பாத்த மாரி கீதே,” என்றார் அக்கா, கண்ணைச் சுருக்கி.

நான் ஒரு பொய்யைத் தயார் பண்ணுவதற்குள் மனைவி சொல்லிவிட்டாள். “என் கல்யாணப் புடவைக்கா.”

அவள் போட்ட சட்டத்தை அவளே உடைத்துவிட்டாள். அக்காவுக்கும் அந்த வழக்கம் தெரியும். அவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் குடிலருகே போய், நீல வானத்துக்கு முன்னால் வெள்ளையாக நின்றாள்.

“நான் கட்டியிருந்தப்போ தல குனிஞ்சினே இருந்தேன்,” என்றாள் மனைவி, என் பக்கம் திரும்பாமல். “இது நடந்தா எப்டி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

அந்தப் பாதிப் புடவை இன்னும் மேல்தட்டில்தான் இருக்கிறது. மகளுக்கு அங்கி பத்தாமல் போனதும் அதுவும் அதே பொட்டலத்துக்குள் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் மனைவி இரண்டையும் எடுத்து நிழலில் காயப் போடுவாள். போன தடவை மடிப்பதற்கு முன்னால் பாதியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

“குண்டாயிட்டேன்யா. பத்துமா?”

“பத்தலன்னா கீழ அந்த வேட்டியச் சுத்திடலாம்.”

“நீலமாவா?”

“வானத்துக்குத்தான போற. ஒட்டிக்கினு போனா யாரு கேப்பா?”

பாச்சை உருண்டையை எடுத்து என் மேல் விட்டெறிந்தாள். நெற்றியில் பட்டது. இந்த வயசிலும் அவளுக்குக் குறி தப்புவதில்லை.