கடைசிக் குழாயில் என் குரல்

பகல் பன்னிரண்டு இருபது. கல்லூரி வாசலில் பனியன் கம்பெனி வேன் வந்து நின்றது. கதவு திறந்ததும் முதலில் தெரிந்தது, சேலைக்கு மேல் போட்டிருந்த கட்டம் போட்ட ஆண் சட்டை. அதன் பிறகுதான் அம்மாவின் முகம் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தோடு அரை மணி பெர்மிஷன் வாங்கி அருள்புரத்திலிருந்து வந்திருந்தாள். கூடவே செக்கிங்கில் அவளோடு வேலை பார்க்கும் அக்கா, குண்டடம் பக்கத்துக்காரர். டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை.

அது எனக்கு விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம். ஒரு சமூகப் பிரச்சினையைப் பார்வையாளர்கள் தொட்டு, இயக்கி உணரும்படி கண்காட்சிக்கு ஏதாவது செய்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். பள்ளி விட்டு வந்து, வேலைக்குப் போன அம்மா திரும்பும்வரை லைன் வீடுகளில் தனியாக இருக்கும் பிள்ளைகளை நான் எடுத்துக்கொண்டேன். சாயம் போடாத பனியன் துணியை, மெஷினிலிருந்து வந்த குழாய் வடிவத்திலேயே கூரையிலிருந்து தொங்கவிட்டேன். ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் நுழையும் ஓர் ஓட்டை, உள்ளே சென்சார். விரலை விட்டால், தான் அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்று ஒரு பிள்ளை சொல்லும். எடுத்தால் குரல் நின்றுவிடும்.

கடைசிக் குழாயில் இருந்தது என் குரல். பள்ளி விட்டு வந்து நாலரைக்குப் பூட்டைத் திறப்பேன். டிவியில் செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்வேன். இருட்டியதும் கொடியில் காயும் அம்மாவின் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். தென்காசிப் பக்கமிருந்து வந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். ஆனாலும் இதை அவளிடம் சொன்னதில்லை. அவள் கேட்க வேண்டும் என்றுதான் மற்ற எல்லாக் குரல்களையும் சேகரித்தேன்.

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லா ஓட்டையிலும் விரல் விட்டுக் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் செல்ஃபி எடுத்தார்.

உள்ளே வந்ததும் அக்கா முதல் குழாயின் துணியை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"துணி நல்லாத்தானுங்க இருக்குது கண்ணு. ஏனுங்க, இது எந்தக் கம்பெனி ரிஜெக்ட்டு?"

"ஓட்டை நானே வெட்டுனதுக்கா."

"நீங்களேவா! எங்க லைன்ல வந்து வெட்டுங்க, சூப்பர்வைசர் மாலை போட்டுக் கூட்டிட்டுப் போவாரு."

அம்மா சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்து, ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறியை ஒட்டினாள். பழுது இருக்கும் இடத்தைக் காட்ட செக்கிங்கில் ஒட்டுவது. கை தானாகச் செய்தது போலிருந்தது. அடுத்த குழாயிலும் ஒட்டினாள்.

"அம்மா, ஒட்டாத. வெரல உள்ள விடு, பேசும்."

"ஓட்டைல வெரல விட்டா இழை ஓடிப் பெருசாயிரும்ட்டி."

"பரவால்ல, விடு."

"ஒனக்குப் பரவால்ல. எனக்குக் கை வராது."

"மொத நாளே சொல்லித் தர்றது அதுதானுங்க கண்ணு" என்றார் அக்கா. "ஓட்டையத் தொடாத, ஸ்டிக்கர ஒட்டு, தள்ளி வை."

எனக்கும் தெரிந்ததுதான். சின்ன வயதில் என் பனியன் ஓட்டையில் விரலை விட்டுச் சுழற்றும்போதெல்லாம் அம்மா கையைத் தட்டிவிடுவாள். படம் வரைந்து, சென்சார் வாங்கி, தைத்து முடிக்கும்வரை அது நினைவுக்கு வரவில்லை.

அம்மா கடைசிக் குழாய்க்கு வந்தாள்.

"இது என் குரல்மா."

ஸ்டிக்கர் தாளை மடித்துப் பையில் வைத்தாள். ஓட்டையின் இரண்டு ஓரங்களையும் விரல்நுனியால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். உள்ளே கை போகவில்லை. வெளியே ஹாரன் அடித்தது.

"என்னட்டி பேசியிருக்க? நீயே சொல்லேன்."

அக்கா பக்கத்தில் நின்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"சும்மாதான்" என்றேன்.

மறுபடியும் ஹாரன். "டிபன் பாக்ஸ கழுவி வையி, இன்னைக்கு ஓவர்டைம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். வேன் பல்லடம் ரோட்டில் திரும்பும்வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போய் ஸ்டிக்கர்களை உரித்தேன். பசை துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கண்காட்சி முடிந்து துணி வேஸ்ட்டுக்குப் போனது. பதிவு என் போனில் இருக்கிறது, ஒரு நிமிடம்கூட இல்லை. அம்மா அதைக் கேட்டதில்லை.