பூண்டு மாத்திரையோடு தேர்தல் பணி

என் குடலுக்கு நோய் இருப்பதாக எந்தப் பரிசோதனையும் ஒப்புக்கொண்டதில்லை. எக்ஸ்ரேயில் தெரியவில்லை, ரத்தத்தில் தெரியவில்லை, குழாய் விட்டுப் பார்த்ததிலும் தெரியவில்லை. செங்கல்பட்டில் நான் காட்டிக்கொண்டிருந்த டாக்டர் கடைசியில், "உறுப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். அதுக்குக் கோபம்தான் ஜாஸ்தி" என்றார். அந்தக் கோபத்துக்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்தில் ஒரு பெயரும் சொன்னார். அரசாங்கப் பணியில் கோபக்கார மேலதிகாரிகள் பலரை நான் சமாளித்திருக்கிறேன். அவர்களுக்காவது என்றைக்காவது மாறுதல் உத்தரவு வரும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். என் பிரிவில் இருந்த உதவியாளர் ஒருவர் தினமும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வருவார். அந்த ரயிலில் வைத்தியம் பேசாத பெட்டியே கிடையாது. ஒருநாள் அவர் ஒரு சிறு புட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே தேன் நிறத்தில், முத்து முத்தாக மாத்திரைகள்.

"பூண்டு எண்ணெய் சார். மேல வழவழன்னு ஒரு தோல். முழுங்கினா வாசனையே வராது. வயித்துல இருக்கிற காத்து பூரா வெளிய போயிடும்."

"எந்த வழியாக?"

"அது வயித்தோட இஷ்டம் சார்."

நான் படித்தவன். எதையும் ஆதாரம் கேட்டுத்தான் ஏற்பேன். ஆனால் ஒவ்வொரு நாளும் அலுவலகத்துக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது வயிறு கூப்பிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போய், திரும்பி வந்து மாட்டும்போது மறுபடியும் கூப்பிடும் என்றால், ஆதாரம் கேட்கும் பழக்கம் தானாகவே தளர்ந்துவிடும். அன்றே ஒன்றை விழுங்கினேன்.

முதல் வாரம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. புதிதாக வந்த எந்த அதிகாரியும் முதல் வாரம் நன்றாகத்தான் இருப்பார். இரண்டாவது வாரத்தில் ஏப்பம் ஆரம்பித்தது. வாசனையே வராது என்று உதவியாளர் சொன்னது மாத்திரையைப் பற்றி. என்னைப் பற்றி அவர் எந்த உத்தரவாதமும் தரவில்லை. வீட்டில் என் மனைவி, "பக்கத்துல ஊறுகாய் ஜாடியோட இருக்கிற மாதிரி இருக்கு" என்று பாயை ஜன்னலோரம் நகர்த்தினாள். அலுவலகத்துக்குத் தணிக்கைக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். இதையும் பூண்டின் பலன்களில் ஒன்றாக உதவியாளர் சேர்த்துக்கொண்டார். வயிறு குணமாகவில்லை என்றேன். "உள்ள வேலை நடந்துக்கிட்டிருக்கு சார்" என்றார். எங்கள் அலுவலகத்தில் யாராவது வந்து தன் மனு என்னவாயிற்று என்று கேட்டால் நாங்கள் சொல்லும் பதில் அது. அதனால் நம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் தேர்தல் பணிக்கு ஆணை வந்தது. நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்து மீனவர் ஊர் ஒன்றில், ஊராட்சி ஒன்றிய ஆரம்பப் பள்ளிதான் சாவடி. இந்த வேலையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பயிற்சி வகுப்பில் மற்ற தலைமை அலுவலர்களுக்குப் பாடம் நடத்துகிறவனே நான்தான். விதிப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று புத்தகத்தைத் திறக்காமல் சொல்வேன். "என் சாவடியில் மறுவாக்குப்பதிவு என்ற பேச்சே எழுந்ததில்லை" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என்றைக்காவது அது எழாதா என்று காத்திருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகவே வாக்குப்பதிவு நாளன்று வயிறு எந்த வம்பும் செய்யக் கூடாது. அரசாங்கத்தில் முக்கியமான எதையும் நாங்கள் ஒரே பிரதியாக அனுப்புவதில்லை. காலையில் காபியோடு பூண்டு மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டேன். பிற்பாடு இதைக் கேட்ட டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். "உங்க மாதிரி வயித்துக்குப் பூண்டே ஆகாது சார். பல பேருக்கு அதுதான் காத்தைக் கிளப்பும். நீங்க எண்ணெயா எடுத்து, அதுவும் டபுளா..." என்று மேலே பேச முடியாமல் கையை ஆட்டினார். ஆனால் அது பிற்பாடு.

பெட்டி காலி என்று எல்லோருக்கும் காட்டி, முத்திரை வைத்து, வாக்குப்பதிவை உரிய நேரத்தில் தொடங்கினேன். எனக்கு அடுத்த நிலையில் செங்கல்பட்டைச் சேர்ந்த ஒரு தமிழாசிரியை. சுவரோரப் பெஞ்சில் மூன்று ஏஜெண்டுகள்: ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, சுயேச்சை. முதல் இருவரும் மாமன் மச்சான். எதிர்க்கட்சிக்காரரின் அக்காவைத்தான் ஆளுங்கட்சிக்காரர் கட்டியிருந்தார். மூன்றாமவர் வாயே திறக்கவில்லை.

வெயில் ஏறத் தொடங்கியபோது முதல் ஏப்பம் வந்தது. மை வைக்க விரலை நீட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் மூக்கைச் சுருக்கி, சுற்றிலும் பார்த்தாள்.

"இன்னா சார், பூத்துக்குள்ளயே ரசம் வெச்சிகினு கீறீங்களா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஆசிரியை மைக்குப்பியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. நானும் சிரித்திருப்பேன். ஆனால் ஏப்பத்துக்குப் பின்னாலேயே கீழே ஒரு புரளல். அது எனக்கு நன்றாகத் தெரிந்த புரளல். செருப்பை மாட்டும்போது வருவது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் ஒரு கழிவறை இருந்தது. அதற்குப் பூட்டு இருந்தது. சாவி தலைமையாசிரியரிடம் இருந்தது. தலைமையாசிரியர் தேர்தல் பணிக்காக வேறொரு ஊரில் இருந்தார். முறைப்படி எல்லாம் சரி. யார் மீதும் குறை சொல்ல இடமில்லை.

என் முகத்தை முதலில் படித்தவர் ஆளுங்கட்சி ஏஜெண்டு. "சார், வயிறு பேஜாரா? பக்கத்துலதான் நம்ம வூடு. கக்கூசு கட்டிக்கீறேன். டைல்ஸு. வாங்க."

எழுந்தேன். அதற்குள் எதிர்க்கட்சி ஏஜெண்டு பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். "ஆட்சேபணை! அதெப்டி சார் அவுரு வூட்டுக்குப் போவீங்க? நீங்க நடுநிலை. நாளிக்கு நாங்க தோத்தா, பூத் ஆபீசரு ஆளுங்கட்சி வூட்ல குந்திகினு இருந்தாருன்னு எழுதிக் குடுத்து ரீபோல் கேப்போம்."

"டேய் மச்சான், அது உங்கக்கா வூடுடா!"

"மத்த நாளு அக்கா வூடு. இன்னிக்கி அது கட்சி வூடு. சார், எங்க வூட்லயும் கக்கூசு கீது. அவுரு கட்டினதுக்கு அடுத்த மாசமே கட்டினேன். அவுருதவிடப் பெருசு."

"அங்க போனாருன்னா நாங்க ரீபோல் கேப்போம்!"

மறுவாக்குப்பதிவு. அந்தச் சொல் என் சாவடிக்குள், என் காதுபட, இரண்டு முறை உச்சரிக்கப்பட்டது. வயிறு மூன்றாவது முறை உச்சரித்தது.

"சார், முதல்ல எங்கயாவது போங்க" என்றார் ஆசிரியை.

வேறொருவராக இருந்தால் ஓடியிருப்பார். விதிகளைக் கரைத்துக் குடித்தவனுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. இரண்டு வேட்பாளர்கள் சமமான வாக்கு வாங்கினால் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும் என்பது விதி. இங்கே இரண்டு கழிவறைகள் சமமான உரிமை கோருகின்றன. வெள்ளைத்தாளை ஒரே அளவாகக் கிழித்தேன். இரண்டு பெயரையும் எழுதினேன். இருவருக்கும் காட்டினேன். மடித்தேன். ஒரு மடிப்பு சரியில்லை என்று எதிர்க்கட்சி சொன்னதால் மறுபடியும் மடித்தேன். இத்தனையும் நெற்றியில் வியர்வையோடு, கால்களைப் பின்னிக்கொண்டு, நின்றபடி. வரிசையில் முதலாக நின்ற அந்த ரசத்து அம்மாளையே ஒன்றை எடுக்கச் சொன்னேன்.

"எதை எடுத்தாலும் கக்கூசுதானே சார்?" என்றபடி அவள் எடுத்தாள். எதிர்க்கட்சி வீடு.

ஆசிரியையிடம் பொறுப்பை எழுத்து மூலம் ஒப்படைத்தேன். "காரணம்னு போட்டிருக்கே, என்ன சார் எழுதறது?" என்று கேட்டார். "தவிர்க்க இயலாதது" என்று கத்திக்கொண்டே படியிறங்கினேன். அந்தச் சொல்லுக்கு இவ்வளவு பொருத்தமான உதாரணத்தை அவர் தன் தமிழ் வகுப்பில் சொல்லியிருக்க முடியாது.

பின்னால் இரண்டு ஏஜெண்டுகளும் வந்தார்கள். ஒருவர் வழிகாட்ட, ஒருவர் கண்காணிக்க. உலர்ந்த வலைகளைத் தாண்டி, கருவாட்டுப் பாய்களைச் சுற்றி, கட்சிகள் இருபுறமும் வர, மணலில் நடக்கக் கூடாத வேகத்தில் நடந்தேன். வீட்டு அம்மாள் காபி கலக்கட்டுமா என்று கேட்டாள். வாக்காளரிடம் உபசாரம் பெறக் கூடாது என்று ஓடியபடியே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். வாளித் தண்ணீரை மட்டும் ஏற்றுக்கொண்டேன்.

உள்ளே நான் இருந்த நிலையை வர்ணிக்கப் போவதில்லை. பூண்டு தன் வேலையைச் செய்தது. வெளியே பேச்சுக் கேட்டது.

"மாமா, ஒண்ணு கேக்குறேன். நாம ரெண்டு பேரும் இங்க கீறோம். அங்க யாரு கீறா?"

"சுயேச்சை மட்டும்தான்."

"நமக்குப் பதிலா குந்துற மாத்து ஆளுங்க?"

"நாஸ்தா துண்ணப் போய்க்கீறானுங்க."

உடனே கதவு இடிபட்டது. "சார்! சீக்கிரம் வாங்க சார்! அங்க அந்தாளு இன்னா பண்றானோ!"

"அவசரப்படுத்தாதீர்கள்!" என்று உள்ளிருந்து ஆணையிட்டேன். மணலில் இரண்டு ஜோடிக் கால்கள் பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடும் சத்தம் கேட்டது. அன்று முதன்முறையாக நிம்மதியாக உட்கார்ந்தேன்.

திரும்பி வந்தபோது வரிசை ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தது. சுயேச்சை ஏஜெண்டு அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். வயிறு காலியாகிவிட்டதால் அமைதியாக இருந்தது. பிரச்சினை அதற்குப் பிறகுதான்.

ஆளுங்கட்சி ஏஜெண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து, "சார், இன்னும் வரலியா?" என்றார்.

"எது?"

"ரெண்டாவது தபா. இப்ப எங்க வூட்டு முறை."

இல்லை என்றேன். அவர் முகம் வாடியது. மதியம் மறுபடியும் கேட்டார். கல்யாண வீட்டில் சாப்பிடாமல் போகிறவரைத் தடுப்பது போலக் கேட்டார். "கழுவி வெச்சிகினு காத்துகினு கீறாங்க சார். ஊதுவத்தி கூட ஏத்திட்டாங்க." பிறகு குரல் மாறியது. "அவுங்க வூட்டுக்குப் போனீங்க. எங்க வூட்டுக்கு வரல. சொல்லிட்டேன்."

இது நியாயம்தான் என்று என் சட்டமூளைக்குப் பட்டது. இரு தரப்புக்கும் சம வாய்ப்பு. மறுபடியும் ஆசிரியையிடம் பொறுப்பை ஒப்படைத்தேன். "இப்பவும் தவிர்க்க இயலாததா சார்?" என்றார். "இப்போதுதான்" என்றேன்.

எந்தத் தேவையும் இல்லாமல், முழு வெயிலில், நான் ஆளுங்கட்சிக் கழிவறைக்கு நடந்துபோனேன். ஊதுவத்தி மணந்தது. டைல்ஸ் பளபளத்தது. கதவைச் சாத்திக்கொண்டு, நடுநிலைமையின் பொருட்டு, போதுமான நேரம் சும்மா நின்றேன். அங்கே தனியாக நிற்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்போடு பூண்டு ஏப்பமும் வந்தது, ஊதுவத்தி தோற்றது. நேர்மைக்குச் சத்தமும் தேவை என்று தோன்றியதால் இரண்டு செம்பு தண்ணீரை ஊற்றினேன். வெளியே அவர் மனைவி, அதாவது எதிர்க்கட்சியின் அக்கா, "எப்டி சார் கீது?" என்று கேட்டாள். "வசதியாக இருக்கிறது" என்றேன். எதைவிட என்று சொல்லாமல் விட்டேன்.

அதன்பின் மாமனும் மச்சானும் ஒருவருக்கொருவர் பீடி கொடுத்துக்கொண்டார்கள். வாக்குப்பதிவு முடிந்தது. பெட்டிக்கு முத்திரை வைத்தேன். கணக்கை வாசித்தேன். ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன். ஆளுங்கட்சி இல்லை என்று கையெழுத்துப் போட்டது. எதிர்க்கட்சியும் போட்டது. பேனாவை மூன்றாமவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எனுக்கு ஆட்சேபணை கீது சார்" என்றார். அன்று அவர் பேசிய முதல் வாக்கியம். "ரெண்டு கட்சி வூட்டுக்கும் போனீங்க. எங்க வூட்டுக்கு வரல."

என் அடிவயிறு குளிர்ந்தது. இது பூண்டு அல்ல. "உங்கள் வீடு எங்கே? இப்போதே வருகிறேன்" என்றேன். உண்மையில் எழுந்தும் விட்டேன்.

"வந்து இன்னா பண்ணுவீங்க? எங்க வூட்ல கக்கூசு இல்ல. இந்த ஊர்ல அவுங்க ரெண்டு பேரு வூட்லதான் கீது. ஊருக்கெல்லாம் கக்கூசு கேட்டுத்தான் எங்க ஆளு எலெக்‌ஷன்ல நின்னாரு. இங்க படிக்கிற பொம்பளப் புள்ளிங்களுக்கு அந்தக் கதவு தெனிக்கும் பூட்டித்தான் கீது. நீங்க ஒரு நாளைக்கே ஓடுனீங்களே."

ஆசிரியை என்னைப் பார்த்தார்.

"என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்" என்றேன்.

"எழுதுங்க சார். மேல போற காயிதத்துல."

தலைமை அலுவலர் நாட்குறிப்பில், குறிப்பிடத்தக்க நிகழ்வுகள் என்ற தலைப்பின் கீழ், இல்லை என்று எழுதுவதுதான் எங்கள் மரபு. நான் பக்கம் நிறைய எழுதினேன். பள்ளிக் கழிவறை மாணவிகளுக்குத் திறந்துவிடப்படாதது, சாவி இல்லாதது, அதனால் தலைமை அலுவலரே பணியிடம் விட்டு இருமுறை வெளியேற நேர்ந்தது, எல்லாவற்றையும். என் அலுவலக வாழ்க்கையில் மிக அழகான நடை அதுதான். அவருக்கு வாசித்தும் காட்டினேன்.

கேட்டு முடித்துவிட்டுப் பேனாவை வாங்கினார். "ஒண்ணு விட்டுட்டீங்க சார்."

"என்ன?"

"அந்த ரசம்."

ஆசிரியைதான் முதலில் வெடித்தார். பிறகு மாமன், மச்சான், கடைசியில் நான். சிரித்து அடங்கும் வரை அவர் கையெழுத்துப் போடாமல் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு போட்டார்.