போடாத வழக்குக்கு ஒரு தடுப்பு மனு

என் சீனியரைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். பயம் வருவதற்கு முன்பே அதற்கு ஏற்பாடு செய்துவைக்கிறவர் அவர், அவ்வளவுதான். ஆபீஸில் மூன்று குடை வைத்திருந்தார். மழைக்கு ஒன்று, அது தொலைந்தால் எடுக்க ஒன்று, யாராவது இரவல் கேட்டால் கொடுக்க ஒன்று. கேட்டால் கொடுக்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

நாஞ்சில் நாட்டுக்காரர். மலையாளத் தலைநகரத்தில், வஞ்சியூர் கோர்ட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்தில், மாடியில் ஆபீஸ். நான் அதே ஊரில் பழைய கோட்டைக்குள் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சட்டக் கல்லூரியில் ஆங்கிலம். "அதுக்காகத்தான் பிள்ளே உன்னை எடுத்தேன். மூணு பாஷையிலயும் உனக்கு வாய் ஓயாது" என்பார். புகழ்கிறாரா திட்டுகிறாரா என்று தெரியாமலே அவரிடம் சில வருஷம் ஜூனியராக இருந்தேன்.

எங்களுடைய பெரிய கட்சிக்காரர் ஒரு துறைமுக வாரியம். சட்டப்படி அமைந்த வாரியம். பெயர் வேண்டாம், சட்டப்படி அமைந்தவர்களுக்குக் கோபமும் சட்டப்படியே வரும். துறைமுகம் என்றதும் கப்பலைத் தேடாதீர்கள். கப்பலெல்லாம் விழிஞ்ஞத்துக்குத்தான் வரும். இவர்களிடம் இருந்தது கரையோரமாகத் துண்டு துண்டாய்க் கொஞ்சம் நிலம், ஓடு சரிந்த ஒரு கிடங்கு, அப்புறம் எக்கச்சக்கமான பெயர்ப்பலகைகள். விழிஞ்ஞத்தில் கிரேன் எழும்பியதைப் பார்த்ததும் இவர்களுக்கும் எதையாவது எழுப்ப வேண்டும் என்று கை துறுதுறுத்தது. ஒரு சுவர் எழுப்பலாம் என்று முடிவு செய்தார்கள்.

வாரியத்து அதிகாரி ஒருவர் வரைபடத்தோடு வந்தார். சாலையோரமாக நெடுகச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் படகு கரையேறும் இடம். அதிகாரிக்கு ஒரே ஒரு கவலை. பாதிச் சுவர் எழும்பும்போது யாராவது கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கிவிட்டால்? தடை உத்தரவு என்பதைச் சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. பாதியில் நிற்கிற சுவருக்குப் பதில் சொல்லப்போவது அவர்தான்.

"ஸ்டே வந்தபிறகு ஓடுகவன் வக்கீல் இல்ல பிள்ளே. வராமப் பாத்துக்கிடுகவன்தான் வக்கீல்" என்றார் சீனியர், அதிகாரிக்குச் சொல்லவேண்டியதை என்னைப் பார்த்து. "எல்லாருக்கும் கேவியட் போட்டுருவோம்."

கேவியட் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இன்னார் நம்மேல் வழக்குப் போட்டு, நாம் அங்கே இல்லாதபோது தடை வாங்கிவிடுவாரோ என்று தோன்றினால், 'எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்று முன்கூட்டியே கோர்ட்டில் ஒரு மனுக் கொடுத்துவைக்கலாம். அதன் நகலை அந்த இன்னாருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். பெரும்பாலும் வழக்குப் போடத் துடித்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் இதை அனுப்புவார்கள். என் சீனியர் அப்படிப் பார்த்து அனுப்புகிறவர் இல்லை. அந்தக் கரையில் மூச்சு விடுகிறவர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பவேண்டும் என்றார்.

மூச்சு விடுகிறவர்களைப் பார்த்து வர என்னை அனுப்பினார். அதிகாரியோடு போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. சாலையிலிருந்து படகுத்துறைக்கு இறங்கும் வழியில், தார்ப்பாய் கட்டிய ஒரு தட்டுக்கடை. கடைக்காரி ஐம்பதை நெருங்கியவள். நாங்கள் ஒருவரோடொருவர் தமிழில் பேசுவதைக் கேட்டதும் அவளும் தமிழுக்கு மாறினாள். "மோளே, சாயா ஸ்ட்ராங்கா, லைட்டா?" என்றாள். அவள் பெயரை நாங்களாகக் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். தகப்பன் பெயர், கணவன் பெயர், வீடு இருக்கும் இடம் எல்லாம் பழம்பொரியோடு சேர்ந்து வந்தது. இப்படி ஐஸ் விற்கிறவர், வலை பின்னுகிறவர் என்று கரையிலிருந்த எல்லாருடைய பெயரும் எனக்குக் கிடைத்தது. எங்கள்மேல் வழக்குப் போடப்போகிற பயங்கரவாதிகள் அவர்கள்தான்.

மனுக்களைத் தட்டச்சு செய்து கொடுத்தோம். கோர்ட் ஆபீஸ் திருப்பி அனுப்பியது. இந்த நபர் ஏன் வழக்குப் போடுவார் என்று எதிர்பார்க்கிறீர்கள், காரணம் இல்லை. இடத்தின் விவரமும் போதாது என்று ஒரு குறிப்பு. சீனியருக்குச் சுருக்கென்றது. அவர் மனுவைக் குறை சொல்லித் திருப்புவதா? அன்றைக்கு உட்கார்ந்து ஒவ்வொரு மனுவையும் தன் கையாலேயே திருத்தினார். நான்கு எல்லையும் எழுதினார். கடைக்காரிக்கு எதிரான மனுவில் அவர் எழுதியதை இப்போதும் என்னால் ஒப்பிக்க முடியும். 'சாலையிலிருந்து படகுத்துறைக்குச் செல்லும் மேற்படி வழியில் மேற்படி நபர் நீண்டகாலமாகத் தட்டுக்கடை நடத்தி வருவதாலும், வாரியம் கட்ட உத்தேசித்துள்ள சுவர் மேற்படி வழியை அடைத்துவிடும் என்பதாலும், அவர் தடை உத்தரவு கோருவார் என எதிர்பார்க்கப்படுகிறது.' ஆங்கிலத்தில் இதைவிடக் கம்பீரமாக இருந்தது.

"இனி ஒரு பய திருப்ப முடியாது" என்றார். திருப்பவில்லை. தபால்கள் போயின.

சில நாள் கழித்துக் கடைக்காரி மாடிப்படி ஏறி வந்தாள். கையில் எங்கள் தபால், ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக.

"சாரே, எனக்கு இது வந்துச்சு. அங்க ஆருக்கும் இங்கிலீஷ் தெரியாது. இதுல வக்கீல் பேரு தமிழ்ப் பேரா இருந்துச்சு, அதான் நேரா வந்துட்டேன்."

"அம்மா, இது நாங்க அனுப்பினதாக்கும்" என்றார் சீனியர்.

"அதான் சாரே. எழுதினவங்ககிட்டயே கேட்டா சரியாச் சொல்லுவீங்கல்ல."

"நாங்க எதிர்பக்கமாக்கும். நீங்க எங்கிட்டப் பேசப்படாது."

அவள் கவரை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். "நான் என்ன சாரே தப்பு செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல்ல. நீங்க எங்க மேல கேஸ் போட்டா…"

"நானா? நான் எதுக்கு சாரே போடப்போறேன்?"

சீனியர் தண்ணீர் குடித்தார். எதற்குப் போடுவாள் என்று சொன்னால் சுவரைப் பற்றிச் சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் அவள் நாற்காலியைவிட்டு எழமாட்டாள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். "பிள்ளே, அவங்களுக்கு வந்ததை அவங்களுக்குப் படிச்சுக் காட்டு. படிக்கலாம். அட்வைஸ்தான் பண்ணப்படாது."

எனக்கு மூன்று பாஷையிலும் வாய் ஓயாது என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். நிறுத்தி நிதானமாக, ஒரு சொல் விடாமல் தமிழில் படித்துக் காட்டினேன். சுவர் வந்த இடத்தில் அவள் கையை உயர்த்தினாள்.

"சுவரா? எங்க?"

"இதுல எழுதியிருக்கு அக்கா. வழிய அடைச்சு."

அவள் கையை இறக்கினாள். பிறகு, எங்கள் இரண்டு பேருக்கும் இல்லாமல் மேஜையைப் பார்த்துச் சொன்னாள். "அங்க சுவர் வந்தா என் கடைக்கு ஆளு கடல்ல இருந்துதான் வரணும். போனக்காட்டுல லயத்துல பொறந்தேன். அது எஸ்டேட்டு வீடு. தேயிலத் தோட்டத்த மூடினப்போ எறங்கி வந்தோம். இப்ப இருக்கறது வாடக வீடு. அந்தக் கட ஒண்ணுதான் சாரே எனக்குன்னு இருக்கறது. அதுக்கும் ஒரு பேப்பரும் கெடையாது."

கடை போனால் இவளுக்கு வேறு எதுவும் இல்லை. அதைப் போக்கடிக்கத்தான் நாங்கள் இவ்வளவு அழகான ஆங்கிலம் எழுதியிருந்தோம். சீனியர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன கண்டாரோ.

"அப்ப நான் கேஸ் போட்டா இந்தச் சுவர் நிக்குமா சாரே?"

"அத நான் சொல்லப்படாது."

"சொல்லப்படாதுன்னா நிக்கும்னுதான?"

"நீங்க வேற ஒரு வக்கீலைப் பாருங்க அம்மா."

"ஆரு நல்ல வக்கீல்?"

"எல்லாரும் நல்ல வக்கீல்தான்" என்றார் சீனியர். அதுவரை எந்த வக்கீலையும் அவர் நல்லவர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கடைக்காரி என் பக்கம் திரும்பினாள். நான் வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் கீழ்மாடிக்குப் போகும் படிக்கட்டுப் பக்கம் போயிற்று. அங்கே சீனியரோடு ஒன்றாகப் படித்து, அன்றிலிருந்தே அவரோடு ஆகாத ஒரு வக்கீல் இருந்தார். கண் எங்கே போகவேண்டும் என்பதற்கு இன்றுவரை யாரும் சட்டம் போடவில்லை.

அந்த வாரமே வழக்கு வந்துவிட்டது. எங்கள் கேவியட் இருந்ததால் முறைப்படி எங்களுக்குத் தகவலும் வந்தது. "பாத்தியா, நம்ம கேவியட்டோட பலனை" என்று சீனியர் பெருமையாகச் சொன்னார். கேவியட் அனுப்பாவிட்டால் வழக்கே வந்திருக்காது என்பதை நான் சொல்லவில்லை. ஜூனியர்கள் அதையெல்லாம் சொல்லப்படாது.

விசாரணை அன்று முன்சீப் அம்மா எங்களை முதலில் பேசச் சொன்னார். சீனியர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். வாரியத்தின்மேல் வழக்குப் போடுமுன் நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்றார். அவசரம் என்பதால் விலக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றார் முன்சீப். சரி என்று அடுத்ததற்குத் தாவினார். அந்த நிலத்தில் வழி என்று ஒன்று கிடையவே கிடையாது; கடை என்று ஒன்று இருப்பது வாரியத்துக்குத் தெரியாது; ஏதோ ஒரு தார்ப்பாயைக் கட்டிவைத்துக்கொண்டு கடை என்று சொன்னால் ஆயிற்றா? அதிகாரி எழுதிக் கொடுத்ததை அப்படியே பேசினார், அதுவும் கணீரென்று. "வாதியிடம் அந்த வழிக்கோ கடைக்கோ ஒரு துண்டுக் காகிதம் உண்டா என்று கேட்கிறேன்" என்று முடித்து, உட்காராமல் நின்றார். அது அவருடைய வெற்றிப் பாணி.

முன்சீப் எதிர்பக்கம் பார்த்தார். "ஏதாவது ஆவணம்?"

கீழ்மாடி வக்கீல் சாவகாசமாக எழுந்தார். "ஒன்றே ஒன்று இருக்கிறது மேடம்" என்று ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார்.

உள்ளே இருந்தது எங்கள் கேவியட். கேவியட்டை யாரும் படிப்பதில்லை. தேதியைப் பார்ப்பார்கள், கட்டி வைப்பார்கள். அன்றைக்கு முன்சீப் அம்மா படித்தார். மெதுவாக, சத்தமாக, 'சாலையிலிருந்து படகுத்துறைக்குச் செல்லும் மேற்படி வழியில்' என்று தொடங்கி, 'நீண்டகாலமாக' என்ற இடத்தில் நின்று, கண்ணாடிக்கு மேலாக சீனியரைப் பார்த்தார்.

"இதில் இருப்பது உங்கள் கையெழுத்துத்தானே?"

"மேடம், அது… ஒரு முன்ஜாக்கிரதைக்காக எழுதியது."

"ஜாக்கிரதையாக எழுதினால் சரியாகத்தானே இருக்கும்?"

சீனியர் உட்கார்ந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சிரிப்பை அடக்க ஃபைலை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கவேண்டியிருந்தது. கட்சிக்காரர் தோற்றதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஜூனியர் அந்தக் கோர்ட்டில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

வழக்கு முடியும்வரை வாரியம் அந்த வழியை அடைக்கக்கூடாது, கடைக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்று உத்தரவானது. அதிகாரி செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

வராந்தாவுக்கு வந்தோம். "அப்பீல் போகணும்" என்றார் சீனியர், யாரிடமும் இல்லாமல். அப்போது கடைக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள். நான் சீனியருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்; ஜெயித்தவர்கள் வராந்தாவில் நாலு வார்த்தை விடுவது வழக்கம். அவள் அதற்கு வரவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

"சாரே, உங்க கையெழுத்தாலதான் நின்னுது" என்றாள். கேலி இல்லை. உண்மையாகவே சொன்னாள். "இத்தன வருஷத்துல எனக்கு அங்க கட இருக்குன்னு எழுதிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான். பஞ்சாயத்துல கேட்டேன், வில்லேஜ் ஆபீஸ்ல கேட்டேன். ஒருத்தரும் எழுதல."

சீனியர் அங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் தனக்குப் பின்னால் நின்ற ஒருத்தியை முன்னால் இழுத்துவிட்டாள். அவளைவிட ஒல்லி, கையில் மீன் வாசனை. "இவ என் நாத்தூன், வீட்டுக்காரரோட தங்கச்சி. அங்கதான் கருவாடு காயப்போடுறா. நீங்க ஆளு அனுப்பின அன்னைக்கு இவ போனக்காடு போயிருந்தா. அதான் விட்டுப்போச்சு. இவளுக்கும் ஒண்ணு அனுப்புங்க சாரே. இவளுக்கும் ஒரு பேப்பரும் இல்ல."

நான் என் சீனியரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிக்கிற மனிதர் இதை மட்டும் யோசித்திருக்கவில்லை. கை பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துவிட்டது.

"பேரு?" என்றார்.

நாத்தூன் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். தகப்பன் பெயரில் தொடங்கித் தன் முழுப் பெயரையும், நடுவில் நிறுத்தி நிறுத்தி, அவர் எழுதிக்கொள்கிறாரா என்று பேனாவையே பார்த்தபடி சொன்னாள்.