ஃபிரிட்ஜுக்காகக் கட்டின வீடு

மாட்டுக்காகக் கொட்டகை போடுவார்கள், கோழிக்காகக் கூண்டு செய்வார்கள். ஒரு ஃபிரிட்ஜுக்காக வீடு கட்டினவன் ஜவ்வாது மலையில் நான் ஒருத்தன்தான். மலையை விடுங்கள், கீழே போளூர் வரைக்கும் விசாரித்துப் பாருங்கள், இன்னொரு ஆள் கிடைக்க மாட்டான்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். புளி மூட்டையைத் தலையில் வைத்து மலை இறங்கினவன். பழுதான பம்புசெட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே கரண்டு வேலை கற்றுக்கொண்டேன். சாமை அரைக்கிற மிஷினைச் சொந்தமாகப் போட்டேன். யாரும் கையைப் பிடித்துச் சொல்லித் தரவில்லை. இது பெருமைக்குச் சொல்வது இல்லை. சரி, பெருமைக்கும்தான்.

என் மனைவிக்குச் சர்க்கரை. காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஊசி போட்டுக்கொண்டே ஆக வேண்டும். அந்த மருந்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஒரு சித்திரை மாதம் சூறைக்காற்றில் மரம் முறிந்து லைன் மேல் விழுந்துவிட்டது. ஆறு நாள் கரண்டு இல்லை. அப்போது நாங்கள் இருந்தது சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. பகலில் உள்ளே நின்றால் வறுசட்டியில் நிற்பது மாதிரி இருக்கும். மருந்து கெட்டுப்போனது எங்களுக்குத் தெரியவில்லை. அவள் வேளை தவறாமல் அதையே போட்டுக்கொண்டாள். ஏழாம் நாள் உரல் பக்கத்தில் விழுந்து கிடந்தாள்.

போளூரில் டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது மருந்தே இல்லைங்க பெரியவரே, வெறும் தண்ணி" என்றார்.

எங்கள் மகள் அங்கேயே நர்ஸ் வேலை செய்கிறாள். அவள் என்னிடம் கேட்கவே இல்லை, சொன்னாள்: "நைனா, அம்மா இனிமே எங்கூடதான் இருப்பாங்க."

"நான்?"

"நீ உன் மிஷினோட இரு."

மனைவி கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பஸ் சத்தமும் தண்ணீர் லாரி சத்தமும் நிறைந்த மகளின் இரண்டு ரூம் வீட்டில் அவள் எத்தனை நாள் இருப்பாள்? நான் பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். லைன் அறுந்தாலும் ஃபிரிட்ஜ் நிற்காத ஒரு வீடு. அதற்குள் அவளைக் கூட்டிக்கொண்டு வருவது.

சோலார் வைத்தால் சரியாகிவிடும் என்று எவனும் சொல்வான். நான் வேறு மாதிரி யோசித்தேன். சோலார் கொடுக்கிற கரண்டு கொஞ்சம். அதை ஃபேனும் லைட்டும் தின்றுவிட்டால் ஃபிரிட்ஜுக்கு என்ன மிஞ்சும்? ஆகவே ஃபேனே தேவைப்படாத வீடு கட்ட வேண்டும். பழைய வீடு இருந்த இடத்திலேயே ஒரு முழத்துக்கு மேல் கனமாக மண் சுவர் வைத்தேன். வெளியே சுண்ணாம்பு. மேலே ஓடு, ஓட்டுக்குக் கீழே மூங்கில் தட்டி, இரண்டுக்கும் நடுவே காற்று ஓட ஒரு சாண் இடைவெளி. தெற்குப் பக்கம் பெரிய புளியமரம் நிற்கிறது. கோடையில் தெற்கே இருந்து வரும் காற்று அந்த மர நிழலில் நுழைந்து வந்தால் ஈரத்துணி போர்த்தின மாதிரி இருக்கும். ஜன்னலை அந்தப் பக்கம் வைத்தேன். சமையலுக்குச் சாண எரிவாயு. ஃபிரிட்ஜை வடக்கு மூலையில், வெயில் படாத சுவரோடு நிறுத்தினேன். வந்து பார்த்த மேஸ்திரி, "இன்னா பெரியவரே, ஃபிரிட்ஜுக்கே ஏசி போட்டுட்டீங்களே" என்றான்.

பேனலை எங்கே வைப்பது என்பதையும் நானே அளந்தேன். அடுத்த வருஷப் பங்குனி, புளி உலுக்குகிற நேரம் அது. உச்சி வெயிலில் கூரை மேல் ஏறி நின்றேன். ஒரு பொட்டு நிழல் இல்லை. நாலு பேனலையும் தெற்கு பார்த்துச் சாய்த்து அங்கேயே பூட்டினேன், ராத்திரிக்கு ஓட உள்ளே பேட்டரி வைத்தேன். இன்ஜினியரைக் கூப்பிடச் சொன்னார்கள். வானத்தைப் பார்த்தே வெள்ளாமை செய்தவனுக்கு எவன் வந்து சூரியனைக் காட்டுவது?

ஐப்பசியில் மகளுக்கு ஃபோன் போட்டேன்.

"வூடு முடிஞ்சிடுச்சிம்மா. அம்மாவை அனுப்பு."

"அப்படியெல்லாம் அனுப்ப முடியாது நைனா. ஃபிரிட்ஜ சோலார்ல மட்டும் ஓட்டு. ஃப்ரீசர்ல ஒரு டம்ளர் தண்ணி வெய்யி. கட்டியானதும் அதும் மேல ஒரு ரூவா காசு வெய்யி. கரண்டு நின்னு கட்டி உருகினா காசு அடிக்குப் போயிடும். அப்புறம் உறைஞ்சாலும் மேல வராது. வாரா வாரம் வீடியோ அனுப்பு. பொங்கல் வரிக்கும் காசு மேலயே இருந்தா அம்மா வரட்டும்."

"பெத்த அப்பனயே சந்தேகப்படறியா?"

"உன்ன இல்ல நைனா, சூரியன."

ஐப்பசி அடைமழையிலும் காசு மேலேயே இருந்தது. வாரா வாரம் வீடியோ எடுத்து, கூடவே நாலு வார்த்தை என் வீட்டைப் பற்றியும் பேசி அனுப்பினேன். கார்த்திகையும் போனது. மார்கழி வந்தது. மழை விட்டு வானம் துடைத்த மாதிரி இருந்தது. இனி கவலையே இல்லை என்றிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை டம்ளரை எடுத்தால் மேலே காசு இல்லை. அடியில் கிடந்தது. அதற்கு மேல் பனிக்கட்டி கெட்டியாக உறைந்திருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சட்டைப் பையில் இன்னொரு ரூபாய் இருந்தது. அதை எடுத்து மேலே வைத்தால் போதும். போளூரில் இருக்கிறவளுக்கு டம்ளரின் அடி தெரியவா போகிறது? காசைக் கையில் எடுத்தேன். மனைவி உரல் பக்கத்தில் விழுந்து கிடந்தது கண் முன்னால் வந்தது. காசைப் பையில் போட்டுக்கொண்டு, டம்ளரைக் கவிழ்த்துக் கட்டியைத் தட்டி எடுத்து, அதன் அடியில் ஒட்டியிருந்த காசை வீடியோ எடுத்து அனுப்பினேன். அன்றைக்கு வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

பிறகு கூரை மேல் ஏறினேன். உச்சி வேளை. நாலு பேனலில் மூன்றின் மேல் புளியமரத்து நிழல் பாய் விரித்துப் படுத்திருந்தது. பங்குனியில் தலைக்கு நேரே நின்ற சூரியன், மார்கழியில் தெற்கே சரிந்து மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. வருஷா வருஷம் சரிகிறதுதான். அறுபது வருஷமாகப் பார்த்தவன்தான் நான்.

விஷயத்தைச் சொன்னதும் மகள் ஃபோனில் சிரித்தாள். "நம்ம மலையிலயே காவலூர்ல அவ்ளோ பெரிய கண்ணாடிய வெச்சிக்கினு வானத்தப் பாக்கறாங்களே, ஒரு வார்த்த கேட்டிருந்தா ஓசியிலயே சொல்லியிருப்பாங்க நைனா."

"நாளைக்கே மரத்தை வெட்டறேன்."

ஃபோன் கை மாறியது. மனைவியின் குரல். "இன்னாய்யா சொன்ன? மரத்துல கை வெச்சியா, நான் அங்க வரவே மாட்டேன். அது போனா சித்திரையில காத்து எங்கேந்து வரும்? ஃபேன் போடுவ. அப்புறம் ஃபிரிட்ஜுக்கு இன்னா ஊத்துவ?"

என் கணக்கையே எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

"சாமைய நான் எங்க காயப்போடுவேன்?"

"பாறையில."

"எந்த மாசம்?"

"கார்த்திக, மார்கழி."

"எதுக்குக் கூரைய வுட்டுட்டு அவ்ளோ தூரம் தூக்கிக்கினு போறேன்? எனக்குப் பைத்தியமா?"

வீட்டுக்கு வடகிழக்கே கிடக்கிற வழுக்குப் பாறை அது. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தானியம் காயவைத்தே, எந்த மாதம் எங்கே வெயில் நிற்கும் என்று பார்த்து வைத்திருக்கிறாள். நான் பங்குனியில் ஒரு நாள் ஏறிப் பார்த்ததோடு சரி.

"பேனல பாறைக்கு வடக்கு ஓரமா வெய்யி. நடுப்பாறை என்னுது. மாசியில புளி காயவெக்கணும்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

மறுநாளே பேனலைக் கழற்றினேன். பாறையில் ஸ்டாண்டின் கால் நிற்கக் குழி வேண்டும். உளியும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டுக் குழி, ஒவ்வொன்றும் ஒரு சாண் ஆழம். உள்ளங்கைத் தோல் உரிந்தது. துணி சுற்றிக்கொண்டு அடித்தேன். பாறையிலிருந்து வீடு தூரம். மெல்லிய ஒயர் போட்டால் கரண்டு வழியிலேயே தேய்ந்துவிடும் என்று தெரிந்து விரல் தடிமனில் போட்டேன். அதையாவது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"மறுபடியும் மொதல்லேருந்து ஒரு மாசம்" என்றாள் மகள். பொங்கல் மனைவி இல்லாமலே போனது. டம்ளரில் புதிதாகத் தண்ணீர் ஊற்றினேன், புதிதாகக் காசு வைத்தேன். முதல் வாரம், இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம். தையில் நாலு நாள் மூடுபனி மூடினபோது, காசைப் பார்க்கத் திறந்தால் குளிர் போய்விடுமே என்று ஃபிரிட்ஜ் கதவைத் தொடவே இல்லை. ஒரு மாதமும் காசு மேலேயே இருந்தது.

மாசியில் மனைவி வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மருந்து வைத்த வெள்ளைப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் போனாள், சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள். மருந்தை ஃபிரிட்ஜில் வைத்துக் கதவை மூடி, கொஞ்ச நேரம் அதில் கை வைத்தபடி நின்றாள். வீடு எப்படி என்று அவளே சொல்லட்டும் எனக் காத்திருந்தேன். அவள் நேரே பாறைக்கு நடந்தாள்.

நான் பின்னாலேயே போனேன். அவள் பாறையின் வடக்கு விளிம்பிலிருந்து ஸ்டாண்டின் முன் கால் வரைக்கும் அடி மேல் அடி வைத்து அளந்தாள்.

"ரெண்டு மொழம் உள்ள வந்துக்கினு கீதே."

"ஓரத்துல பாறை சரிவா இருக்குது. கால் நிக்காது."

"நிக்க வெய்யி. இல்ல, இதுவும் பங்குனியில அளந்ததா?"

மறுநாள் காலையில் உளியையும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டாண்டை வடக்கே தள்ள, கால்களுக்குப் புதுக் குழி. அவள் ஊசி போட்டுக்கொண்டு வந்து, நடுப்பாறையில் சாக்கை விரித்துப் புளியைக் கொட்டிப் பரப்பினாள். நான் அடித்து முடித்து நிமிர்ந்தேன். அவள் தலையைத் தூக்காமலே பார்த்தாள்.

"இன்னும் ஒரு சாண் தள்ளி" என்றாள்.

அடித்தேன்.