அரை மணி நேரத்தில் இளைத்த குழந்தை

மேகமலைக்கு நான் நர்ஸாகப் போன இரண்டாவது மாதம், ஒரு தேயிலை எஸ்டேட் லைனில் இருந்த குழந்தைகள் எல்லாம் ஒரே காலையில் இளைத்துப்போயின. மருத்துவ உலகில் எங்கும் நடக்காத அதிசயம், என் கையால் நடந்தது.

எழுபதுகளின் கதை இது. மாதம் ஒருமுறை சின்னமனூரிலிருந்து மிஷன் ஆஸ்பத்திரி ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி மேலே ஏறுவோம். எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போய், ஜெபம் பண்ணி, குழந்தைகளைத் துணித் தூளியில் வைத்து நிறுத்து, கார்டில் எழுதி, பால் பவுடர் கொடுப்போம். கிளம்பும்போதெல்லாம் டாக்டரம்மா சொல்வார்: "புள்ளைகள மட்டும் பாரு எஸ்தரு. எஸ்டேட் வெவகாரத்துல தலைய விட்டுராத. கேட்டை மூடிட்டாகன்னா மருந்தும் போகாது."

அன்று முதலில் வந்தவள் புஷ்பம். குழந்தை ஏழு கிலோ. "சபாஷ்" என்றேன். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"இன்னைக்கும் பறிச்ச கொழுந்து எடை கொறஞ்சா வேலைப் பதிவுல பேரை வெட்டிருவாகளாம்க்கா. தெனமும் ஒரு கிலோ பத்தலைங்கிறாக. பேரு போச்சுன்னா வீடும் போச்சு. இதத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

பாவமாக இருந்தது. பால் பவுடர் கொஞ்சம் கூடப் போட்டேன். வேறென்ன செய்ய முடியும் என்று அடுத்த கார்டை எடுத்துவிட்டேன்.

அடுத்து ஏறிய குண்டுப் பயல் உதைத்த உதையில் என் தராசின் கொக்கி பிய்ந்து, தூளியோடு என் மடியில் வந்து விழுந்தான். விழுந்தவன் சிரிக்கிறான்! பக்கத்திலேயே கொழுந்து நிறுக்கும் கொட்டகை. சூப்பர்வைசரிடம் போய்த் தராசு கேட்டேன்.

"தாராளமா எடுத்துக்கங்க சிஸ்டர். நம்ம தராசுல தங்கமே நிறுக்கலாம்" என்றார்.

கொட்டகையிலேயே தூளியை மாட்டி நிறுத்தேன். போன மாதம் எட்டு கிலோ இருந்த பயல், இன்று ஏழேகால். அடுத்த குழந்தைக்கும் முக்கால் கிலோ குறைவு. மூன்றாவதும் அப்படியே. எனக்கு வந்ததே கோபம்!

"என்னத்தத்தான் ஊட்டுறீக? பால் பவுடரை டீயில கலக்கி நீங்களே குடிச்சிட்டீகளா?"

தாய்மார்களை ஒரு பிடி பிடித்தேன். ஒருத்தி அழுதே விட்டாள்.

அதைப் பொறுக்காமல் புஷ்பம் தன் குழந்தையை மறுபடி தூளியில் வைத்தாள். ஆறு கிலோ.

"ஏக்கா, எம்புள்ள அரை மணி நேரத்துல ஒரு கிலோ எளச்சிருச்சா?"

அழுதவள்தான் முதலில் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், கொட்டகையே சிரித்தது. சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"புள்ளைக ஆடுதுக சிஸ்டர், அதான் கம்மியாக் காட்டுது."

"அப்ப எங்கொழுந்தும் ஆடுதாண்ணே?" என்றாள் புஷ்பம்.

சத்தம் கேட்டு மேனேஜரே வந்துவிட்டார். "என்ன இது?" என்று என்னைக் கேட்டார். டாக்டரம்மா சொன்னது காதில் ஒலித்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. டின்னோடு ஐந்து கிலோ என்று அச்சடித்த, சீல் உடைக்காத பால் பவுடர் டின்னைத் தூக்கி மாட்டியது. தராசு நாலு கிலோ காட்டியது. டின் ஆடவே இல்லை.

டின்னை இறக்கியதும் புஷ்பம் குழந்தையின் ஈரத்துணியை உருவித் தராசின் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கிரீஸ் அப்பியிருந்த இடத்தில், வெறும் தராசின் முள் பூஜ்யத்துக்கு ஒரு கிலோ கீழே நின்றது. மேனேஜர் சிவந்த முகத்தோடு தாமே திருகாணியைத் திருகி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். புஷ்பம் காலையில் பறித்து வைத்திருந்த கூடையைத் தம் எதிரிலேயே நிறுக்கச் சொன்னார். கொழுந்து சரியாக இருந்தது. அவள் பேர் தப்பியது. நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டு குதித்ததில் பால் பவுடர் கொட்டிப்போனது தனிக்கதை.

கீழே வந்து, வேலை போச்சு என்ற நினைப்போடே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடுத்த மாசமும் அந்த டின்னை எடுத்துட்டுப் போ. சீல் உடைக்காம" என்றார்.

ஓய்வு பெறும்வரை எடுத்துப் போனேன். இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். குழந்தையின் எடை குறைந்தால் முதலில் தராசைப் பாருங்கள். அன்று நான் தாயைத்தான் முதலில் திட்டினேன்.