தள்ளுபடிக் குரலில் ஒரு புயல் எச்சரிக்கை

போன வாரம் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்க ஒரு கடையில் நின்றிருந்தேன். திடீரென்று அங்கே நின்ற அத்தனை பேருடைய கைபேசியும் ஒரே நேரத்தில் வீரிட்டது. பேரிடர் எச்சரிக்கையாம், சோதனைக்கு அனுப்பியதாம். எல்லோரும் அவசர அவசரமாகப் பொத்தானை அமுக்கி அதன் வாயை அடைத்தார்கள். நானும் அடைத்தேன். "கால் கிலோவா, அரையா?" என்றார் கடைக்காரர்.

வெல்லப்பாகு மணக்கிற இடத்தில் எனக்கு மட்டும் பேட்டரி ஆசிட் நெடி அடித்தது. சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளில் அந்த நெடிக்குள்தான் எனக்குப் பிழைப்பு. மைக்செட் கடையொன்றில் அறிவிப்பாளன். ஆட்டோவின் பின்சீட்டில் ஒரு லாரி பேட்டரி, பக்கத்தில் ஆம்ப்ளிஃபையர், இரண்டுக்கும் இடையில் நசுங்கிக்கொண்டு நான். கூரையில் குழாய் ஒலிபெருக்கி. ஆடித் தள்ளுபடி வந்தால் ஜவுளிக்கடைக்காரர்கள் என்னைத்தான் தேடுவார்கள். "தாய்மார்களே..." என்று நான் இழுக்கிற இழுப்பில் அடுப்பில் வைத்ததை விட்டுவிட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள் என்று எனக்கு ஒரு பேர். கூடவே கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

ஒரு ஐப்பசியில் அரசு அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து ஒரு தாளை நீட்டினார். கடலில் புயல். உப்பளங்களில் இருப்பவர்கள் இருட்டுவதற்குள் குளத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். சேலையைத் தவிர வேறொன்றை மைக்கில் சொல்ல எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். ஓட்டுநர் சண்முகம் வண்டியைக் கிளப்பினான்.

வழியில் எப்போதும்வென்றான் என்று ஓர் ஊர். அந்த ஊரில் அறிவிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நாக்கு சும்மா இருக்க வேண்டாமா? கரிசல் காட்டில் புழுதியிலேயே விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் கிடந்தவர்கள் காதில் 'கனமழை' என்ற சொல் விழுந்ததுதான் தாமதம், டீக்கடையிலிருந்து எழுந்து வந்து ஆட்டோவை மறித்துக்கொண்டார்கள். எச்சரிக்கை என்ற சொல் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

"தம்பி, மெய்யாவே பெய்யுமா?"

"பெய்யும்னுதான் தாள்ல போட்டிருக்கு அண்ணாச்சி."

எனக்கும் சண்முகத்துக்கும் ஆளுக்கொரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ஏப்பம் விட்டுக்கொண்டே உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே பெண்கள் உப்பு அம்பாரங்களை ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். நான் "தாய்மார்களே..." என்று எடுத்ததும் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவள் செல்லத்தாய். முழங்கை வரை உப்புப் பூத்திருந்தது.

"எந்தக் கடை தம்பி? நோட்டீசைக் குடு."

புயல் என்று மைக்கிலேயே சொன்னேன்.

"ஏட்டி, சேலைக்கு இப்பம் புயல்னு பேரு வச்சிருக்காவளாம்!"

ஒரே சிரிப்பு. மறுபடி வாசித்தேன். இன்னும் ஏற்ற இறக்கத்தோடு, இன்னும் உருக்கமாக. சிரிப்புத்தான் கூடியது. அவர்கள் ஓலை போடத் திரும்பிவிட்டார்கள். அப்போதுதான் அளத்தோரக் குடிசைக்குள் செல்லத்தாயின் புருஷன் காலில் மாவுக்கட்டோடு படுத்திருப்பதைப் பார்த்தேன். எழுந்து நிற்கவே முடியாத மனுஷன்.

மைக்கை அணைத்துவிட்டு இறங்கிப் போனேன். ஏற்ற இறக்கமெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னேன்.

"யக்கா, கடல் தண்ணி உள்ள வந்துரும்னு சொல்லுதாவ. அண்ணாச்சியால ஓட முடியாது. கெளம்புங்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"மெய்யாவா?"

"மெய்யாத்தான்க்கா."

"இத மொதல்லயே இப்பிடிச் சொல்லப்படாதா?" என்றவள் திரும்பி நின்று ஒரு சத்தம் போட்டாள். "ஏட்டி, ஓலையப் போட்டுட்டு வாங்க! தண்ணி வருதாம்!"

மைக்கும் இல்லை, பேட்டரியும் இல்லை. அளத்தின் அந்தக் கோடியில் நின்றவள்கூடக் கையிலிருந்த ஓலையைக் கீழே போட்டாள்.

புருஷனைக் கிடத்த ஆட்டோவில் இடம் வேண்டும். "மொதலாளி அண்ணாச்சி தோலை உரிச்சிருவாவ," என்றான் சண்முகம். சொல்லிக்கொண்டே பேட்டரியை இறக்கியவனும் அவன்தான். ஆம்ப்ளிஃபையரைக் குடிசைப் பரண்மேல் ஏற்றிவிட்டு நான் பெண்களோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் பரண் இல்லை, குடிசையும் இல்லை. ஓலை போட்டது, போடாதது என்று எந்த அம்பாரமும் மிஞ்சவில்லை. வரப்புச் சேற்றுக்குள் ஆம்ப்ளிஃபையர் தலைகுப்புறக் கிடந்தது. முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. திரும்பும் வழியில் எப்போதும்வென்றான்காரர்கள் வேறு, "ஒம்ம வாய்க்குச் சர்க்கரைதான் போடணும் தம்பி," என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். காடெல்லாம் நனைந்திருந்தது. அவர்கள் சந்தோஷம் நியாயமானதுதான், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்காலத்திலும் உப்பளத்துக்குப் போனால் மைக்கைத் தொட மாட்டேன். செல்லத்தாய் அக்காவிடம் போய்ச் சொல்வேன். முகத்தைப் பார்த்து "மெய்யாவா?" என்பாள். ஆமாம் என்றால் திரும்பி நின்று கூப்பிடுவாள். என் வேலை அவ்வளவுதான்.

மைக்செட் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. தள்ளுபடிக் குரல் மெமரி கார்டில் ஓடுகிறது. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்று மிட்டாய்க் கடையில் அத்தனை கைபேசியும் அலறி ஓய்ந்த பிறகு, நாங்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவள் அங்கே இருந்திருந்தால் என் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருப்பாள்.

"அது கத்துனது கெடக்கட்டும். நீ சொல்லு தம்பி, மெய்யாவா?"